கொலுவில் படுக்காத என்ஜின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, ஆவி இதிலெல்லாம் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பெருமாள் இருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் செத்துப்போனவர்கள் வேலை வெட்டி இல்லாமல் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து போவதாக யாராவது சொன்னால், "தேற்றம் சரி, நிரூபணம் எங்கே?" என்று கேட்கிற ஜாதி நான். நீங்களும் இப்போது என்னிடம் அதையே கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் காபி குடித்துவிட்டுப் போங்கள்.

இதற்கெல்லாம் ஆரம்பம் என் வீட்டுக்காரரின் பைத்தியம். அவருக்கு நீராவி என்ஜின் என்றால் உயிர். பெரிய என்ஜினை வாங்கி வீட்டில் வைக்க முடியாதே, அதனால் மாடல். பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அரை நாள் பேச மாட்டார். நிஜ என்ஜினை அப்படியே அளவெடுத்து, சக்கரம், புகைபோக்கி, டிரைவர் நிற்கிற இடம் எல்லாம் அச்சு அசலாக, ஒரு சாண் நீளத்துக்குச் சுருக்கிச் செய்வார்கள். இன்ன என்ஜினைக் கொண்டுவரப் போகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் முதலில் அறிவிப்பார்கள். அன்றே இவர் பதிவு செய்துவிடுவார். அதற்கப்புறம் அது வெளிவருவதற்குள் ஒரு குழந்தை பிறந்து, நடை பழகி, பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடும். "அடுத்த மாசம் வருதாம் மைதிலி" என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருப்பார். நானும் மாதாமாதம் "அப்படியா!" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருப்பேன். வேறு என்ன செய்வது, கட்டிக்கொண்டாயிற்று.

இந்தப் பைத்தியத்துக்குத் தீனி போட்டதும் நான்தான். கல்யாணமான முதல் நவராத்திரியில், கொலு வைத்தால் வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்கி வைக்க வேண்டும், அது எங்கள் வீட்டு வழக்கம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "வழக்கம்னா வழக்கம்தானே, நான் குறுக்க நிக்கலாமா?" என்று சொல்லி, அந்த வருஷமே ஒரு என்ஜினைக் கொண்டுவந்து செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் நடுவில் நிறுத்தினார். இப்போது எங்கள் கொலுவில் மேல் படியில் தசாவதாரம், அதற்குக் கீழே தாயார், ஆழ்வார்கள், அதற்கும் கீழே முழுக்க ரயில்வே யார்டு. சுண்டலுக்கு வருகிற மாமிகள் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார்கள், அவர்களுடைய வீட்டுக்காரர்கள்தான் நகர மாட்டார்கள்.

அவர் பொன்மலைக்காரர். கைலாசபுரம் தொழிற்சாலையில் பாய்லர் டிசைன் பிரிவில் இருந்தார். அவருடைய அப்பா, என் மாமனார், நீராவி என்ஜின் டிரைவர். எங்களுடையது காதல் கல்யாணம். எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் என்னோடு பேச்சே இல்லை. மாமியாரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் நான், இவர், மாமனார் என்று மூன்று பேர்தான். பிறந்த வீடு இல்லாமல் வந்தவள் என்று மாமனாருக்கு என் மேல் தனி வாஞ்சை. எல்லோருக்கும் நான் மைதிலி, அவருக்கு மட்டும் தாயி. மணப்பாறை வழியாக வண்டி கொண்டுவந்தால் எனக்கு முறுக்கு வரும். தலையில் கட்டியிருந்த கட்டம் போட்ட கைக்குட்டையிலேயே சுற்றிக் கொண்டுவருவார், அதில் கொஞ்சம் கரி வாசனையும் அடிக்கும். முறுக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்தக் கைக்குட்டையை உதறி, முக்கோணமாக மடித்து, கடைசி நுனியை எப்படியோ உள்ளே செருகிவிடுவார். பிடித்து உலுக்கினாலும் பிரியாது. அந்த மடிப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் அந்த வீட்டுக்குப் போன புதிதில் ஒரு நாள் மத்தியானம், டிரைவர்களை டியூட்டிக்குக் கூப்பிட என்ஜின் ஷெட்டிலிருந்து சைக்கிளில் வருகிற ஆள் வாசலில் நின்று, "டிரைவர் இருக்காராம்மா?" என்று கேட்டான். மாமனார் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். "படுத்திருக்கார்" என்றேன். அவ்வளவுதான், அந்த ஆளின் முகம் செத்துப்போய்விட்டது. உள்ளேயிருந்து இவர் ஓடிவந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமனாரே எழுந்து வந்து சிரித்துக்கொண்டு சொன்னார்: "அப்படிச் சொல்லப்படாது தாயி. வண்டி கவுந்தா அதைத்தான் படுத்துருச்சும்பாங்க. ஓட்டுறவன் வீட்டுல அந்த வார்த்தை வேணாம். தூங்கினா, ஷெட்டுல இருக்காங்கன்னு சொல்லு. ஷெட்டுல இருந்தா வண்டி பத்திரமா இருக்குன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் படுப்பதில்லை, எல்லோரும் ஷெட்டுக்குப் போவோம். எனக்கு அது ஒரே வேடிக்கை. மாமனார் காலமானபோது, துக்கத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் கிடத்தியிருந்தவரைப் பார்த்து என்னிடம் "என்னம்மா இப்படி?" என்று கேட்டதும், "மாமா ஷெட்டுக்குப் போயிட்டார்" என்று என் வாயில் அதுதான் வந்தது. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதோடு அந்த ஷெட் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பேசினால் இவருக்குத் தாங்காது. கைலாசபுரத்துக்குக் குடி போனோம். அதற்கப்புறம்தான் ரஞ்சனி பிறந்தாள், எங்கள் ஒரே பெண். தாத்தாவைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

பார்க்காத தாத்தாவின் ரத்தம் எப்படித்தான் வேலை செய்யுமோ, மெக்கானிக்கல் படித்துவிட்டு ரயிலோட்டத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இப்போது கூட்ஸ் வண்டிகளில் உதவி லோகோ பைலட். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு அடிவயிற்றில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது, அது இன்று வரை எழுந்து போகவில்லை. டியூட்டியில் ஏறினால் போனை அணைத்துவிட வேண்டும் என்பது சட்டம், அதனால் அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்கவும் முடியாது. எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல், ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வாங்கிய பிளாட் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி வருகிற வண்டி ஓரிடத்தில் ஹார்ன் அடித்தே ஆக வேண்டும். அடிப்பது அவளா, கூட இருக்கிற பைலட்டா, எனக்குத் தெரியாது. அவள் திரும்பி வருகிற வேளையில் கேட்கிற ஹார்ன் எல்லாம் என் கணக்கில் அவள் "அம்மா, வந்துட்டேன்" என்று சொல்வதுதான். அதைக் கேட்டதும் போய் சாதத்துக்கு அரிசி களைவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன நவராத்திரிக்கு முன்பு இவருக்கு ஒரு என்ஜின் வந்தது. மீட்டர் கேஜ் ஒய்.பி., மாமனார் ஓட்டிய அதே ரகம். பெங்களூரில் ஏதோ சின்னக் கம்பெனி புதிதாக வெளியிட்டது. பதிவு செய்துவிட்டு இவர் காத்துக்கிடந்த கதையை நான் சொன்னால் விடிந்துவிடும். பெட்டி வந்த அன்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டியில் துடைத்து, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி எடுத்தார். பித்தளையில் செய்து கறுப்பு அடித்தது. ஓடாது, கூவாது, மோட்டாரும் இல்லை, கரண்டும் வேண்டாம், சும்மா நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்கு மட்டும்தான். லென்ஸ் வைத்து ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தார். "அப்பா இங்கதான் நிப்பாரு மைதிலி" என்று டிரைவர் நிற்கிற இடத்தைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினார். அந்த வருஷத்துப் புதுப் பொம்மையாக அது கொலுவில் ஏறியது.

விஜயதசமி அன்று சாயங்காலம் ஆரத்தி எடுத்துவிட்டு, கொலு முடிந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். நான் எப்போதும் மரப்பாச்சிகளைத்தான் படுக்க வைப்பேன். அந்த வருஷம் மரப்பாச்சி ஜோடியை என் அண்ணன் பெண்ணின் தலைக் கொலுவுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது யாரைப் படுக்க வைப்பது? தசாவதாரம் ஒரே பலகையில் ஒட்டியிருக்கிறது. செட்டியாரும் செட்டிச்சியும் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைச் சாய்த்தால் பார்க்கவே பாவமாக இருக்கும். மண் பொம்மைகளைத் தொட்டால் மூக்கு உதிர்கிறது. புதிதாக வந்தது, நீளமாக இருப்பது, கெட்டியாக இருப்பது எது என்று பார்த்தால் ஒய்.பி.தான். தாம்பூலத்தோடு வந்த ஒரு பச்சை ரவிக்கைத் துணியைப் படியில் விரித்து, என்ஜினை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். சத்தியமாக அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒரு நினைப்பும் வரவில்லை. குழந்தையைத் தூங்க வைக்கிற நினைப்புதான்.

இவர் பூ வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது, சும்மா இல்லை, ஐப்பசி மழை முன்கூட்டியே வந்த மாதிரி ஒரு அடி. நான் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, சாரல் அடிக்கிறதே என்று ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அடுக்களைக்குப் போய் ஆரத்தித் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். என்ஜின் நின்றுகொண்டிருந்தது. துணி கசங்கி ஓரமாகக் கிடந்தது.

எனக்குப் பயமெல்லாம் வரவில்லை. வயசாகிறது, படுக்க வைக்க நினைத்தோம், வைக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். கேஸை அணைத்தோமா இல்லையா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறவள்தானே நான். மறுபடியும் துணியை விரித்தேன், மறுபடியும் படுக்க வைத்தேன். இந்தத் தடவை வாய்விட்டே சொன்னேன், "இதோ படுத்தாச்சு" என்று. சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. இவர் தொப்பலாக நனைந்து, பூப்பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அவரை உள்ளே விட்டுவிட்டு மறுபடியும் தாழ் போட்டேன். கூடத்துக்குள் காலை வைத்தவர் கொலுவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"மைதிலி, என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"மரப்பாச்சிதான் இல்லையே. ஒண்ணைப் படுக்க வெக்கணுமோல்லியோ..."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. என்ஜின் படுத்திருக்கிறது. பெண் வண்டியில் இருக்கிறாள். வெளியே இப்படி மழை கொட்டுகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மூடநம்பிக்கை என்று நீங்கள் சொல்லலாம், நானும் இத்தனை வருஷம் அதைத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் பெற்ற வயிறு வகுப்புக்கு வருவதில்லை.

"அவ வர்ற நேரம்தானே? ஹார்ன் கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. அவள் கொள்ளிடம் தாண்டியிருக்க வேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டது. மழைச் சத்தத்தில் நான்தான் கவனிக்கவில்லையோ என்று மனசு சமாதானம் தேடியது. போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. அது எப்போதும் சொல்வதுதான், ஆனால் அன்றைக்கு அந்தக் குரலே பிடிக்கவில்லை. ரயில் ஓட்டுகிறவர்கள் கையெழுத்துப் போட்டு டியூட்டி ஏறுகிற ஆபீஸில் இவருக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். கூடத்தில் சிக்னல் கிடைக்காது, அதனால் பால்கனிக்குப் போய் அவருக்குப் போட்டார். நானும் பின்னாலேயே போய் இவருடைய ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னப் பிள்ளை மாதிரிதான், என்ன செய்ய.

"லைன்ல ஏதோ மரம் விழுந்திருக்காம். வண்டியெல்லாம் அங்கங்க நிறுத்தி வெச்சிருக்காங்களாம். அவ வண்டி எங்க நிக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேங்கறான்" என்றார் இவர். "மைதிலி, முதல்ல போய் அதை நிமித்தி வைப்போம், வா."

இரண்டு பேரும் திரும்பினோம். ஒரே நேரத்தில்தான் திரும்பினோம், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கதவு தாழ் போட்டபடி இருந்தது. கூடத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, காற்றே இல்லை. என்ஜின் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்தப் பச்சை ரவிக்கைத் துணி முக்கோணமாக மடித்து வைத்திருந்தது. கடைசி நுனி உள்ளே செருகியிருந்தது.

நான் "பெருமாளே" என்றேன். இவர் "அப்பா" என்றார். படிக்கு முன்னால் உட்கார்ந்து அந்தத் துணியை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், பிறகு என்னிடம் நீட்டினார். நான் முகர்ந்து பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

மழை விட்டு, கீழ்வீட்டில் டிவி சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு, கொள்ளிடம் பக்கத்திலிருந்து ஹார்ன் கேட்டது. நல்ல நீளமான ஹார்ன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விசித்து விசித்து அழுதார், நானும்தான். அப்புறம் எழுந்து போய் அரிசி களைந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். பதற்றத்தில் இரண்டு கிழங்கள் எதையோ செய்துவிட்டு மறந்துபோயின என்று நானே கணக்கை முடித்திருப்பேன். ரஞ்சனி வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, தட்டில் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே பேசினாள். ஒரு ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிட்டார்களாம், சிக்னல் கிடைக்கவே இல்லையாம், கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லையாம்.

"ரொம்பப் பயந்துட்டியா கண்ணு?" என்றேன்.

"பயமெல்லாம் இல்லம்மா. ஒரு வேடிக்கை நடந்துச்சு, கேளு. எங்ககிட்ட வாக்கி டாக்கி இருக்கும்ல, பின்னாடி இருக்கற கார்டுகூடப் பேசறதுக்கு? அதுல திடீர்னு யாரோ வயசானவர் குரல். 'புள்ள ஷெட்டுல இருக்குன்னு தாயிகிட்டச் சொல்லிடு'ன்னாரு. எங்க பைலட் சாரும் கேட்டாரு. கார்டைக் கேட்டா, நான் பேசவே இல்லங்கறாரு. வேற எந்த வண்டியோட லைனோ மாறி வந்துருச்சுன்னு சார் சொன்னாரு. ஏம்மா, நாங்க மெயின் லைனை விட்டு ஒதுங்கி லூப் லைன்ல நிக்கறோம், ஷெட் எங்கேயோ இருக்கு. யாரும்மா அந்தத் தாயி?"

இவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நான் ரஞ்சனிக்கு இன்னொரு கரண்டி ரசம் விட்டேன். "சாப்பிடு, ஆறிடும்" என்றேன். எப்போது அந்தக் குரல் வந்தது என்று மட்டும் கேட்டேன். மழை உச்சத்தில் இருந்தபோது என்றாள். நாங்கள் பால்கனியில் நின்றிருந்த நேரம்.

லைன் மாறி வந்திருக்கலாம். தாயி என்று இந்தப் பக்கத்தில் ஆயிரம் பேர் கூப்பிடுவார்கள். அவள் சின்ன வயதில் நாங்கள் எப்போதாவது பேசியது அவள் காதில் விழுந்து, களைப்பில் அப்படிக் கேட்டதாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் கூட இருந்த பைலட்டுக்கும் ஏன் கேட்டது? இதையெல்லாம் நானே எனக்குள் வாதாடிப் பார்த்துவிட்டேன், நீங்கள் புதிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது.

இந்த வருஷக் கொலுவுக்குப் புது மரப்பாச்சி வாங்கிவிட்டேன். ஒய்.பி. அதன் இடத்திலேயே நிற்கிறது, அதைப் படுக்க வைக்கிற பேச்சே கிடையாது. ரஞ்சனி டியூட்டி முடிந்து வந்து தூங்கும்போது யாராவது போன் செய்து கேட்டால், "ஷெட்டுல இருக்கா" என்றுதான் சொல்கிறேன். எதிர்முனையில் இருப்பவர்கள் குழம்பிப்போகிறார்கள், போகட்டும்.

அந்தப் பச்சைத் துணி என் பீரோவில் மடித்தபடியே இருக்கிறது. இவர் தன் கைக்குட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு அதே மாதிரி மடிக்க எத்தனையோ நாள் உட்கார்ந்து பார்த்தார். முக்கோணம் வரை வருகிறது, நுனியைச் செருகினால் பிரிந்துவிடுகிறது. நானும் முயன்றேன், எனக்கும் வரவில்லை. ஒரு தடவை பிரித்துப் பார்த்தால் எப்படி என்று தெரிந்துவிடும். ஆனால் பிரித்த பிறகு அதைத் திரும்ப மடிக்க இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.